ஓட்டுக்கும் உட்கூரைக்கும் நடுவே



வீடு என்பது அல்லாஹ் நமக்கு அளித்த அருட்கொடைகளில் ஒன்று. நம் வீடுகளை நாம் அமைதி பெறும் இடங்களாக ஆக்கித் தந்திருப்பதை அவன் தன் வேதத்தில் நமக்கு நினைவூட்டுகிறான். ஆனால் நாமோ வீட்டை அறைகளின் எண்ணிக்கையைக் கொண்டும் வாசலின் அழகைக் கொண்டும் அளக்கிறோம். தலைக்கு மேலுள்ள கூரையைப் பற்றி, அது ஒழுகத் தொடங்கும்வரை, எண்ணிப் பார்ப்பவர் நம்மில் குறைவு.

இங்கிலாந்தில் வாழும் நம் குடும்பங்கள் பலவற்றின் வீட்டுப் பின்புறத்தில் ‘கன்சர்வேட்டரி’ எனப்படும் கண்ணாடி அறை ஒன்று இருக்கிறது. அதன் மெல்லிய கூரையை அகற்றிவிட்டு ஓடு வேய்ந்த உறுதியான கூரை அமைப்பது இப்பொழுது பரவலாகி வருகிறது. எங்கள் வீட்டிலும் அப்பணியைச் செய்தோம். எங்களிடம் விவரம் கேட்போர் பெருகியதால் அதனை இங்கே எழுதுகிறோம். செலவும் வேலைமுறையும் இதில் இடம்பெறும். அவற்றைவிட முதன்மையாக, கண்ணுக்குத் தெரியாமல் மூடப்படும் ஒரு பகுதியைப் பற்றிய கேள்வியும் இதில் உண்டு.

கண்ணாடி அறையின் இயல்பு

கண்ணாடி அறை இந்நாட்டில் செல்வந்தரின் ஆடம்பரமாகத் தொடங்கியது. வெப்ப நாடுகளிலிருந்து கொணர்ந்த ஆரஞ்சுச் செடிகளையும் பனை வகைகளையும் குளிரிலிருந்து காப்பதற்காகப் பெருமாளிகைகளில் அத்தகைய இல்லங்களை எழுப்பினார்கள். கண்ணாடி மீதான தீர்வை 1845இல் நீக்கப்பட்டது. கியூ தாவரவியல் பூங்காவின் பனை இல்லம் 1848இல் நிறைவுற்றது. 1851இல் ஹைட் பார்க்கில் நடந்த பெருங்கண்காட்சிக்கென எழுந்த பளிங்கு மாளிகையோ கண்ணாடிக் கட்டடத்தின் புகழை உலகெங்கும் பரப்பியது. அதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேலான காலம் கழித்து, பிளாஸ்டிக் சட்டங்களும் பாலிகார்பனேட் தகடுகளும் மலிவானபோதுதான், நடுத்தரக் குடும்பங்களின் தோட்டப் பக்கத்திலும் இவ்வறை வந்து சேர்ந்தது.

செடிகளுக்கென உருவான அறை மனிதருக்கு எளிதில் ஒத்துவருவதில்லை. வெயிலை உள்ளே வாங்கும் கூரை, வெப்பத்தைத் தடுத்து நிறுத்த வல்லதன்று. ஒரு சதுர மீட்டர் கூரை வழியாக, உள்ளுக்கும் வெளிக்குமுள்ள ஒவ்வொரு டிகிரி வேறுபாட்டுக்கும், எத்தனை வாட் வெப்பம் கடக்கிறது என்பதை ‘யூ மதிப்பு’ என்று கட்டடத் துறையினர் கூறுவர். பாலிகார்பனேட் தகட்டுக்கு, அதன் தடிமனைப் பொறுத்து, அது ஏறத்தாழ 1.5 முதல் 3 வரை இருக்கும். நன்கு வெப்பக்காப்பிட்ட ஓட்டுக் கூரைக்கு 0.15 முதல் 0.18 வரைதான். ஏறத்தாழ பத்து மடங்கோ அதற்கு மேலோ வேறுபாடு. ஆகவேதான் பெரும்பாலான வீடுகளில் இவ்வறை கோடையில் சில வாரங்களும் இலையுதிர் காலத்தில் சில நாள்களும் பயன்பட்டு, எஞ்சிய காலமெல்லாம் துணி உலர்த்தும் இடமாகவும் பழைய சைக்கிள்கள் நிறுத்தும் இடமாகவும் கிடக்கிறது.

எங்கள் வீட்டில் அவ்வறை உம்மாவின் இடம்.

உம்மாவின் தொழுமிடம்

உம்மா எங்களில் ஒருவருக்குத் தாய், மற்றவருக்கு மாமி. ஊர் காயல்பட்டினம். 1980களில் வாப்பாவுடன் இந்நாட்டுக்கு வந்தவர். வாப்பா மவ்த்தான பின் லண்டன் புறநகரிலுள்ள எங்கள் வீட்டுக்குக் குடிவந்தார். முழங்கால் வலியால் பகலில் பலமுறை மாடிப்படி ஏறி இறங்க அவரால் இயலாது. கீழ்த்தளத்திலோ முன்னறையும் உணவறையும் சமையலறையும்தான் உண்டு. முன்னறையில் பிள்ளைகளின் இரைச்சல், வருவோர் போவோர். எனவே, வந்த முதல் வாரத்திலேயே கண்ணாடி அறையின் மூலையொன்றில் தம் முஸல்லாவை விரித்துக்கொண்டார்.

அத்தேர்வுக்கு வேறொரு காரணமும் இருந்தது. எங்கள் வீட்டின் பின்புறம் தென்கிழக்கு நோக்கியது. லண்டனிலிருந்து கிப்லாவும் தென்கிழக்கே. ஊரில் மேற்கு நோக்கியே தொழுது பழகியவருக்கு, இங்கே தோட்டத்தைப் பார்த்து நின்றாலே கிப்லாவுக்கு நேராகிவிடும் என்பது பெருமகிழ்ச்சி. சுப்ஹுத் தொழுதுவிட்டு அவ்விடத்திலேயே அமர்ந்து, பொழுது விடியும்வரை ஓதிக்கொண்டிருப்பார்.

2022 ஜூலை 19ஆம் நாள் லிங்கன்ஷயரின் கோனிங்ஸ்பியில் 40.3 டிகிரி வெப்பம் பதிவாயிற்று. இந்நாட்டில் அதுவரை காணாத வெப்பம் அது. அன்று எங்கள் கண்ணாடி அறைக்குள் லுஹர் நேரத்தில் கால்வைக்க முடியவில்லை. அதைத் தொடர்ந்த குளிர்காலத்தில் அதிகாலைகளில் அவ்வறையின் வெப்பமானி 5 டிகிரியைக் காட்டியது. மின் சூடேற்றி ஒன்றை வைத்தோம். அது தந்த சூடெல்லாம் கூரை வழியே வெளியேறியது. மின்கட்டணம் மட்டும் ஏறியது. மழை பெய்தால் தகட்டின் மேல் விழும் துளிகளின் ஓசையில் தாம் ஓதுவது தமக்கே கேட்கவில்லை என்பார் உம்மா. ஜனவரியில் நெஞ்சில் சளி கட்டி இரு வாரங்கள் படுக்கையில் கிடந்தார். மருத்துவர் குளிரில் உட்காரக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். எழுந்து நடமாடத் தொடங்கியதும் உம்மா மீண்டும் அம்மூலைக்கே சென்றார்.

கூரையை மாற்றியே ஆகவேண்டும் என்று அப்பொழுது முடிவு செய்தோம்.

இரண்டு விலைகள்

முதலில் வந்தவர் ஒரு நிறுவனத்தின் விற்பனையாளர். இனிமையாகப் பேசினார். இருக்கும் பாலிகார்பனேட் கூரையை அகற்றவே வேண்டியதில்லை என்றார். அதன் உட்புறத்தில் மரச்சட்டம் அறைந்து, மெல்லிய வெப்பக்காப்புப் படலம் ஒட்டி, பிளாஸ்டிக் பலகையால் மூடிவிடலாம். மேற்புறத்தில் ஓடு போன்ற தகடுகளைப் பதித்துவிடலாம். இரண்டே நாள் வேலை. அரசு அனுமதி எதுவும் தேவையில்லை, எங்கள் நிறுவனச் சான்றிதழே போதும் என்றும் உறுதி கூறினார். அன்றிரவே கையொப்பமிட்டால் விலையில் கணிசமான தள்ளுபடி. பணம் இல்லையென்றால் மாதத் தவணை. தவணைக்கு வட்டி உண்டு. யோசித்துச் சொல்கிறோம் என்று கூறி அனுப்பிவைத்தோம்.

எங்கள் பள்ளிவாசலில் ஒரு மூத்த சகோதரர் இருக்கிறார். இலங்கையிலும் வளைகுடாவிலும் கட்டடப் பொறியாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். ஒரு ஞாயிறு அஸருக்குப் பின் அவரை வீட்டுக்கு அழைத்து வந்தோம். ஏணியில் ஏறிப் பார்த்தார். பின்னர் ஒரு தேநீர்க் குவளையை வாங்கி, அதன் மேல் ஒரு தட்டைக் கவிழ்த்து வைத்து, சற்று நேரம் கழித்து எடுத்துக் காட்டினார். தட்டின் அடியில் நீர் முத்து முத்தாகக் கோத்திருந்தது.

“காக்கா, இதுதானா விஷயம்?” என்று கேட்டோம்.

“இதேதான் தம்பி” என்றார்.

நாம் விடும் மூச்சிலும் சமையலிலும் ஒளுச் செய்யும் நீரிலும் ஈரம் காற்றில் கலக்கிறது. வெதுவெதுப்பான அக்காற்று மேலெழுகிறது. தடுப்பு இல்லாவிடில் பலகையின் இடுக்குகள் வழியே புகுந்து, குளிர்ந்து கிடக்கும் பழைய தகட்டைத் தொடுகிறது. தொட்ட இடத்தில் நீராகிறது. அந்நீர் வெப்பக்காப்பை நனைக்கிறது. நனைந்த காப்பு குளிரைத் தடுக்காது. மரச்சட்டம் பூஞ்சை பிடித்து மெல்ல உளுத்துப்போகும். கீழிருந்து பார்ப்பவருக்கோ வெள்ளைப் பலகை மட்டுமே தெரியும். ஐந்தாறு ஆண்டுகள் கழித்துக் கறை தோன்றும்போது, விற்றவரைத் தேடினாலும் கிடைக்காமல் போகலாம்.

எடையைப் பற்றியும் அவர் விளக்கினார். சாதாரண கான்கிரீட் ஓடு ஒரு சதுர மீட்டருக்கு 40 முதல் 50 கிலோ வரை கனக்கும். கண்ணாடி அறையின் பிளாஸ்டிக் சட்டங்கள் அதைத் தாங்கப் பிறந்தவை அல்ல. எனவே இத்தகைய கூரைகளுக்கு இலகுவான ஓடுகளையே பயன்படுத்துவர்; எஃகுத் தகட்டால் செய்த ஓடு ஏறத்தாழ 7 கிலோதான் இருக்கும். ஆயினும் கைமரம், காப்புப் பலகை, உட்கூரை, மேலே விழும் பனி எல்லாம் சேரும்போது சட்டத்தின் வலுவும் அஸ்திவாரத்தின் ஆழமும் சோதிக்கப்பட வேண்டும். லண்டனின் களிமண் கோடையில் சுருங்கிக் குளிர்காலத்தில் உப்பும் இயல்புடையது என்பதால் இச்சோதனையைத் தவிர்க்கவே கூடாது என்றார்.

சட்டநிலையும் அவர் வாயிலாகவே தெளிவாயிற்று. இங்கிலாந்தில் 30 சதுர மீட்டருக்கு உட்பட்ட, தரைத்தளத்திலுள்ள, வீட்டிலிருந்து கதவால் பிரிக்கப்பட்ட கண்ணாடி அறைக்குப் பொதுவாகக் கட்டட விதிகளிலிருந்து விலக்கு உண்டு. 2010 வரை, கூரையில் நான்கில் மூன்று பங்கும் சுவரில் பாதியும் ஒளி புகுவதாக இருந்தால்தான் அது கன்சர்வேட்டரி எனக் கருதப்பட்டது. அவ்வரையறை அந்த ஆண்டு நீங்கியதால்தான் ஓட்டுக் கூரைச் சந்தை பெருகியது. ஆனால் ஒளிபுகும் கூரையை நீக்கி உறுதியான கூரை அமைக்கும்போது, அந்த வேலை கட்டட விதிகளின் கீழ் வருகிறது. ‘பில்டிங் கன்ட்ரோல்’ ஆய்வாளர் பார்வையிட்டு நிறைவுச் சான்றிதழ் வழங்கவேண்டும். அனுமதி எதுவும் தேவையில்லை என்ற விற்பனையாளரின் சொல்லுக்கு அடிப்படை இல்லை.

இரண்டாவதாக வந்த நிறுவனம் பழைய கூரையை முழுதாக அகற்றி, கணக்கிட்டு, ஆய்வாளரின் மேற்பார்வையில் செய்து தருவதாகச் சொன்னது. அதன் விலை முன்னதைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு.

ஈரத் தானியம்

எங்களிடம் அத்தொகை இருந்தது. ஆனால் அது உம்மாவை உம்ராவுக்கு அழைத்துச் செல்லச் சேர்த்துவைத்த பணம்.

உம்மா வாப்பாவுடன் ஹஜ்ஜை நிறைவேற்றியவர். வாப்பாவின் மறைவுக்குப் பின், மீண்டும் ஒருமுறை கஅபாவைப் பார்த்துவிட வேண்டும் என்பது அவர் வாய்விட்டுச் சொன்ன ஒரே ஆசை. வயது எழுபத்து நான்கு. முழங்கால்கள் ஆண்டுக்கு ஆண்டு தளர்ந்து வந்தன. தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எவரும் வாய் திறந்து சொல்லவில்லை.

மலிவான கூரையைப் போட்டால் உம்ராவும் உண்டு, கூரையும் உண்டு. வட்டிக்கு வாங்கினால் நல்ல கூரையும் உண்டு, உம்ராவும் உண்டு. வட்டிப் பணத்தில் எழும் கூரையின் கீழ் உம்மாவைத் தொழச் செய்வதை எங்கள் மனம் ஏற்கவில்லை. அதை உடனே விலக்கினோம். உம்ராவை முதலில் முடித்துக் கூரையை ஓராண்டு பொறுத்துச் செய்யலாம் என்றும் எண்ணினோம். அப்படியானால் இன்னொரு குளிர்காலம். மருத்துவரின் சொல் காதில் ஒலித்துக்கொண்டே இருந்தது.

எஞ்சியது முதல் வழி. அதை நியாயப்படுத்தும் காரணங்கள் எளிதில் கிடைத்தன. நாங்கள் எவரையும் ஏமாற்றவில்லையே. எங்கள் வீட்டில் எங்கள் பணத்தில் போடும் கூரைதானே. அயலாரில் எத்தனையோ பேர் அப்படித்தான் செய்திருக்கிறார்கள்.

மதீனாவின் கடைத்தெருவில் நடந்த ஒரு நிகழ்ச்சி நம்மில் பலருக்குச் சிறு வயதிலிருந்தே தெரியும். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவானது அது. நபி (ஸல்) அவர்கள் விற்பனைக்குக் குவித்திருந்த ஓர் உணவுக் குவியலைக் கடந்து செல்கையில் அதனுள் கையை நுழைத்தார்கள். மேலே உலர்ந்திருந்த குவியலின் உள்ளே விரல்களில் ஈரம் பட்டது. விசாரித்தபோது, மழையில் நனைந்துவிட்டது என்றார் விற்றவர். நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டு, ஏமாற்றுபவருக்குத் தம்மோடு தொடர்பில்லை என எச்சரித்தார்கள். தானியத்தை நனைத்தது வானத்து மழை. அதில் வியாபாரியின் கை ஏதும் இல்லை. ஈரத்தின் மேல் உலர்ந்ததைப் பரப்பியதே கண்டனத்துக்கு உரியதாயிற்று.

எங்கள் கூரையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அந்தக் குவியல் நினைவுக்கு வந்தது. வெள்ளைப் பலகைக்கு மேலே ஈரம் கோக்கும் என்று இப்பொழுது எங்களுக்குத் தெரியும். ஒருநாள் இவ்வீட்டை விற்போம். அல்லது வாடகைக்கு விடுவோம். அல்லது பிள்ளைகள் வசம் வரும். பொருளில் உள்ள குறையை அறிந்தவர் அதை வாங்குபவருக்குச் சொல்லக் கடமைப்பட்டவர் என்பது நம் மார்க்கச் சட்டத்தில் தெளிவானது. தெரிந்தே ஒரு குறையை நிறுவிவிட்டு, அதை வெள்ளைப் பலகையால் மூடிவிட்டு, வரப்போகும் ஒருவரிடம் அந்நாளில் உண்மையைச் சொல்வோம் என்று எங்களுக்கு நாங்களே வாக்களித்துக்கொள்வது எவ்வளவு தூரம் நம்பத் தக்கது?

ஓரிரவு இஷாவுக்குப் பின் உம்மாவிடம் எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னோம். பணக்கணக்கையும் மறைக்கவில்லை. அவர் நீண்ட நேரம் தஸ்பீஹை உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

“அந்தக் கூரைக்குக் கீழ தொழப்போறது நான். ஆனா நான் போனதுக்குப் பொறவும் அதுக்குக் கீழ யாராச்சும் இருப்பாங்க. அவங்களுக்கும் சேத்துப் போடு வாப்பா. அல்லாஹ் கூப்பிட்டா மக்காவுக்குப் போறது எப்படியும் நடக்கும்.”

மகனை ‘வாப்பா’ என்று அவர் அழைப்பது மிகக் கனிந்த பொழுதுகளில் மட்டுமே. நாங்கள் மறுமொழி எதுவும் சொல்லவில்லை.

வேலை நடந்த நாள்கள்

2023 செப்டம்பரில் பணி தொடங்கியது. அதற்கு முன்பே அஸ்திவாரத்தின் ஓரத்தில் ஒரு குழி தோண்டி ஆழத்தை அளந்தார்கள், போதுமானதாக இருந்தது. சட்டங்களின் மூலைகளில் எஃகுத் தூண்கள் கூடுதலாக நிறுத்தப்பட்டன.

அடுத்த வீட்டில் ஓர் ஆங்கிலேய மூதாட்டி தனியாக வாழ்கிறார். சாரம் கட்டும் முன்னரே அவரிடம் சென்று வரைபடத்தைக் காட்டினோம். தம் சமையலறைச் சன்னலுக்கு வரும் ஒளி குறையுமோ என்று கவலைப்பட்டார். முகட்டின் உயரம் முன்பிருந்ததைவிடக் கூடாது என்பதையும், மழைநீர்ப் பீலி எங்கள் பக்கமே இறங்கும் என்பதையும் விளக்கினோம். அண்டை வீட்டாரின் உரிமையைப் பற்றி நமக்கு எவ்வளவோ சொல்லப்பட்டிருக்கிறது. ஒரு வரைபடத்தோடு சென்று கதவைத் தட்டுவதும் அதன் ஒரு பகுதிதான்.

முதல் நாள் பழைய தகடுகள் இறக்கப்பட்டன. தகடுகளின் குழாய்களுக்குள் இருபது ஆண்டுப் பாசியும் இறந்த பூச்சிகளும் அடைந்திருந்தன. அன்றிரவு தார்ப்பாயின் கீழ் கழிந்தது. இரண்டாம் நாள் கைமரங்கள் ஏறின. அவற்றின் மேல் ஒட்டுப்பலகை, நீரைத் தடுத்து ஆவியை வெளிவிடும் விரிப்பு, ரீப்பர்கள், இலகு ஓடுகள், இறுதியில் முகட்டு ஓடு. வீட்டுச் சுவரும் கூரையும் சேருமிடத்தில் ஈயத்தகடு பதித்தார்கள். மழை முதலில் புகப் பார்ப்பது அந்த மூட்டில்தான்.

உட்புறத்தில் கைமரங்களுக்கு இடையிலும் அவற்றின் கீழும் கெட்டியான காப்புப் பலகைகள். பலகைகளின் மூட்டுகளில் ஒட்டுநாடா. அதன் கீழ் உள்ளீரம் மேலேறாமல் தடுக்கும் ஆவித்தடுப்புப் படலம். ஜிப்சம் பலகை அறைவதற்கு முன் ஆய்வாளர் வந்தார். விளக்கைப் பிடித்து மூலை மூலையாகப் பார்த்தவர், சுவரோரத்தில் ஒரு சாண் அளவுக்குக் காப்புப் பலகை எட்டாமல் நிற்பதைக் கண்டார். அங்கேதான் முதலில் நீர் கோக்கும் என்றார். வேலை செய்த இளைஞர் ஒரு சொல்லும் முணுமுணுக்காமல் துண்டு வெட்டி நிரப்பி ஒட்டினார். அரை மணி நேர வேலை. மறுநாள் பலகை மூடியபின் அந்த ஒரு சாண் இடைவெளியை உலகில் எவரும் கண்டிருக்க முடியாது.

நான்கு நாள்களில் வேலை முடிந்தது. சில வாரங்களில் நிறைவுச் சான்றிதழ் அஞ்சலில் வந்தது.

பெற்றதும் இழந்ததும்

அந்தக் குளிர்காலத்தில் சிறிய சூடேற்றி ஒன்றை அரை மணி நேரம் இயக்கினால் போதுமானதாயிற்று. மழையின் ஓசை தொலைவில் கேட்பது போலாயிற்று. 2024 மார்ச்சில் ரமளான் வந்தபோது, சஹர் முடித்து உம்மா அங்கே அமர்ந்து ஓத, பேரப்பிள்ளைகள் அருகில் வந்து உட்காரத் தொடங்கினார்கள். முன்பெல்லாம் குளிருக்கு அஞ்சி அவர்கள் அந்தப் பக்கம் வருவதில்லை.

இழப்பும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் நாங்களும் உலர்ந்ததை மேலே பரப்பியவர்கள் ஆவோம். கூரை வழியே வந்த வெளிச்சம் போய்விட்டது. இரண்டு கூரைச் சன்னல்கள் வைத்தும், உள்ளே இருக்கும் உணவறையில் டிசம்பர் மாதத்தில் பிற்பகல் இரண்டரை மணிக்கே விளக்கேற்ற வேண்டியிருக்கிறது. சுவர்கள் இன்னும் கண்ணாடியே என்பதால், வீட்டின் மற்ற அறைகளைப் போல அவ்வறை ஒருபோதும் ஆகாது. வீட்டுக்கும் அதற்கும் நடுவிலுள்ள கதவை அகற்றவில்லை. அகற்றினால் வேறு விதிகள் பொருந்தும்.

உம்மாவின் உம்ரா இன்னும் நிறைவேறவில்லை. மீண்டும் சேர்த்து வருகிறோம். இப்பொழுது தொழுகையில் சஜ்தாவுக்கு அவர் நாற்காலியையே நம்பியிருக்கிறார். சக்கர நாற்காலியிலாவது தவாஃப் செய்ய வைப்போம் என்று நிய்யத் வைத்திருக்கிறோம். அல்லாஹ் நாடவேண்டும். கூரையைப் பார்க்கும்போதெல்லாம் அதன் விலை எது என்பது எங்களுக்குத் தெரியும்.

இப்பணியை எண்ணுவோருக்குச் சில சொற்கள்

முதலாவதாக, கட்டட ஒழுங்குமுறை விண்ணப்பத்தை யார் செய்வார், நிறைவுச் சான்றிதழ் யார் பெற்றுத் தருவார் என்பதை எழுத்தில் கேளுங்கள். அது தேவையே இல்லை என்று எவரேனும் சொன்னால், உங்கள் நகரசபையிடமே நேரில் கேட்டுத் தெளியுங்கள். வீடு விற்கும் நாளில் வாங்குபவரின் வழக்கறிஞர் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான்.

இரண்டாவதாக, கடைசித் தவணையை அந்தச் சான்றிதழ் கைக்கு வரும்வரை நிறுத்திவைக்க ஒப்பந்தத்திலேயே வழி செய்யுங்கள்.

மூன்றாவதாக, வீட்டுக்கு வந்த விற்பனையாளரிடம் இட்ட ஒப்பந்தத்தைப் பொதுவாக 14 நாள்களுக்குள் விலக்கிக்கொள்ளும் உரிமை சட்டப்படி உண்டு. ஆனால் உங்கள் அளவுக்கென்றே செய்யப்படும் பொருள்களுக்கு அவ்வுரிமை பொருந்தாமல் போகலாம். ஆகவே அன்றிரவே கையொப்பம் என்ற அவசரத்துக்கு இடம் கொடாதீர்கள்.

நான்காவதாக, ஒவ்வோர் அடுக்கும் மூடப்படும் முன் நிழற்படம் எடுத்து வையுங்கள். வேலை செய்வோரைச் சந்தேகிப்பதற்காக அல்ல. பின்னர் பழுது பார்ப்பவருக்கும் வீட்டை வாங்குபவருக்கும் உள்ளே இருப்பதைக் காட்டுவதற்காக. எங்கள் படங்களைச் சான்றிதழோடு ஒரே உறையில் வைத்திருக்கிறோம்.

ஐந்தாவதாக, வட்டித் தவணையைத் தவிர வேறு வழியில்லை என்று தோன்றினால், பொறுத்திருங்கள். இடைக்காலத்தில் கனத்த திரைகளும் தரைவிரிப்பும் ஓரளவு குளிரைத் தணிக்கும். பெரியவர்களுக்கு வீட்டின் சூடான அறையில் ஒரு மூலையை ஒதுக்கிக் கொடுங்கள்; தொலைக்காட்சியைத்தான் இடம் மாற்ற வேண்டியிருக்கும்.

நாம் கட்டுகின்ற பலவும் நம்மைவிட நீண்ட நாள் நிற்கும். அதன் கீழ் உறங்கப்போகிறவர்களின் பெயர்கூட நமக்குத் தெரியாது. அவர்கள் முஸ்லிம்களாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஆனாலும் ஓட்டுக்கும் உட்கூரைக்கும் நடுவே நாம் வைத்து மூடியது அவர்களுக்குரிய அமானிதம்.

யா அல்லாஹ், எங்கள் வீடுகளை அமைதியின் இருப்பிடங்களாக ஆக்குவாயாக. காண்போர் இல்லாத இடத்திலும் எங்கள் கைகள் நேர்மையாக இருக்க அருள்வாயாக. பெற்றோரின் ஆசைகளை அவர்களின் காலத்திலேயே நிறைவேற்றும் வாய்ப்பை எங்களுக்குத் தருவாயாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.